சணல் காய்ந்த குழாய்

திண்டுக்கல்லில் குழாய் வேலை செய்கிறவர்களுக்கு வாய்தான் முதல் கருவி. ஊருக்குத் தண்ணீர் பதினைந்து நாளுக்கு ஒருமுறை வரும். சில கோடைகளில் இருபது நாளும் ஆகும். இன்றைக்கு முடித்த இணைப்பு ஒழுகுமா ஒழுகாதா என்று பார்ப்பதற்கு அதுவரை காத்திருக்க முடியாது. அதனால் ஊதிப் பார்ப்பார்கள். கடைசியில் உள்ள குழாயைத் திருகி மூடிவிட்டு, வாசல் பக்கத்து வால்வில் வாயை வைத்து அடிவயிற்றிலிருந்து ஊதி, சட்டென்று வால்வை அடைப்பார்கள். ஒரு பீடி குடித்து முடித்ததும் திறப்பார்கள். ஊதிய காற்று திரும்பி வந்து முகத்தில் அடிக்க வேண்டும். அடித்தால் இணைப்பு நின்றுவிட்டது என்று அர்த்தம். பிறகு இன்னொரு தடவை ஊதி அடைத்து வைத்துவிட்டுப் போவார்கள். தண்ணீர் விடுகிற நாளில் தெருக்குழாயோடு இணைக்க வரும்போது அந்தக் காற்று உள்ளேயே இருக்கிறதா என்று கடைசியாக ஒருமுறை பார்த்துக்கொள்வார்கள்.

மரியசெல்வம் இருபத்தி நாலு வருஷம் இப்படி ஊதினான். பிறகு நிறுத்திவிட்டான்.

அவனுடைய அப்பா செம்பட்டிக்குத் தெற்கே வெங்காயம் போட்டவர். கிணறு வற்றியது. கிணற்றுக்குள் போட்ட துளையும் வற்றியது. எண்பத்தி நாலில் மரியசெல்வம் டவுனுக்கு வந்து சூசையிடம் சேர்ந்தான். சூசை அவனைவிட ஏழு வயது மூத்தவன். சேர்ந்தான் என்றால் சம்பளத்துக்கு இல்லை. இருவரும் ஒரே சைக்கிளில் போனார்கள், வந்ததைப் பாதியாகப் பிரித்துக்கொண்டார்கள். இருவருக்கும் காக்கிச் சட்டை. பின்னாலிருந்து பார்த்தால் யார் சூசை, யார் மரியசெல்வம் என்று தெரியாது.

சூசை யாரையும் நம்பாதவன். வீட்டைப் பூட்டினால் பூட்டை இரண்டு தடவை இழுத்துப் பார்ப்பான். பத்தடி போன பிறகு சைக்கிளைத் திருப்பிக்கொண்டு வந்து மூன்றாவது தடவையும் இழுப்பான். குழாய் முனையில் திருகுபோல வெட்டியிருக்கும் மரையில் சணலைப் பிரித்துச் சுற்றி, மேலே பெயிண்டைத் தடவி முறுக்குவான். தொண்ணூறுகளின் தொடக்கத்தில் ஹார்டுவேர் கடைகளுக்கு வெள்ளை டேப் வந்தது. கையில் எடுத்தால் கனமே இருக்காது. இழுத்தால் இளகும். மரைக்குள் போய்ப் பல்லோடு பல்லாக ஒட்டிக்கொள்ளும். மரியசெல்வத்துக்கு அது பிடித்துப் போனது. மரை ஓடுகிற திசையிலேயே சுற்ற வேண்டும், எதிர்த்திசையில் சுற்றினால் முறுக்கும்போது சுருண்டு வெளியே வந்துவிடும். அதைத் தானாகவே கண்டுபிடித்தான். ஏழு சுற்று. அதற்கு மேலும் வேண்டாம், கீழும் வேண்டாம்.

சூசை சிரித்தான்.

"ஏலே மரியா, குழாய்க்குச் சடை பின்னி ரிப்பன் கட்டுறியா?"

"ஒழுகலைல்லண்ணே."

"இன்னைக்கு ஒழுகாது. பத்து வருசம் கழிச்சு வந்து சொல்லு. சணல் தண்ணி குடிச்சு ஊதிக்கிட்டே இருக்கும் அப்பு. உன் ரிப்பன் என்ன பண்ணும்?"

சூசை சொன்னது சரிதான். சணல் ஈரத்தில் உப்பி அடைத்துக்கொள்ளும். ஈரமே படாவிட்டால் என்ன ஆகும் என்பதை அவன் சொல்லவில்லை. யாரும் அதுவரை யோசித்ததில்லை. குழாய் போடுவது தண்ணீர் வருவதற்குத்தானே.

தொண்ணூற்றி ஐந்து பங்குனியில் சூசை தன் சொந்த வீட்டுக்கு லைன் இழுத்தான். மேட்டுப்பட்டிப் பக்கம் ஒரு சந்தில் ஓட்டு வீடு. வாசலில் வால்வு. அங்கிருந்து மேற்குச் சுவர் ஓரமாக அரை இஞ்சு இரும்புக் குழாய், பின்னால் அடுப்படிக்குள் நுழைந்து ஒரு பித்தளைக் குழாயில் முடியும். எல்லா இணைப்புக்கும் சணல். மரியசெல்வம் டேப் சுருளை எடுத்தபோது, "உன் ரிப்பனை உள்ள வை" என்றான் சூசை. அன்றைக்கு அவனுக்குக் கடைவாய்ப் பல் வலி. தாடை வீங்கியிருந்தது. கிராம்புத் தைலத்தில் தோய்த்த பஞ்சைக் கன்னத்துக்குள் அடக்கி வைத்திருந்தான். பேசும்போதெல்லாம் அந்த வாசனை வந்தது. ஊத முடியாது என்று சைகை காட்டினான். மரியசெல்வம்தான் குனிந்து ஊதினான். காற்று நின்றது. மறுபடி ஊதி அடைத்துவிட்டு, ஐந்து மணி வாக்கில் சைக்கிளை எடுத்துக்கொண்டு தன் வீட்டுக்குப் போனான்.

மறுநாள் காலையில் செம்பட்டிச் சாலையில் சூசையை ஒரு லாரி அடித்துவிட்டது. பல் பிடுங்கப் போய்க்கொண்டிருந்தான்.

பதினோராம் நாள் தண்ணீர் விட்டார்கள். தெரு முழுக்கக் குடங்களும் மோட்டார் சத்தமும். மரியசெல்வம் ரெஞ்சோடு போய், லைனைத் தெருக்குழாயில் இணைத்துத் தருகிறேன் என்றான். சூசையின் மனைவி அன்னாள் வாசலில் வால்வின் மேல் கையை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

"வேணாம் தம்பி."

"தண்ணி வந்து நிக்குது மதினி."

"தண்ணி வந்தா இது போயிரும்ல."

"எது?"

"அவர் மூச்சு. முந்தின நாள் சாயங்காலம் ஊதி அடைச்சாரு. நான் இங்கனதான் நின்னேன், பாத்தேன். உள்ளதான் இருக்கு."

ஊதியது தான்தான் என்று மரியசெல்வத்துக்குத் தெரியும். காக்கிச் சட்டையின் முதுகைப் பார்த்திருக்கிறாள், பாவம். சொல்லியிருக்கலாம். கல்லறை மண் இன்னும் காயவில்லை. அடுத்த தண்ணீருக்குச் சொல்லலாம் என்று நினைத்துக்கொண்டு ரெஞ்சைப் பையில் போட்டான். அடுத்த தண்ணீருக்கும் சொல்லவில்லை. ஒரு வருஷம் ஆன பிறகு அதைச் சொல்லும் வழி அடைந்துவிட்டது.

அன்னாள் அடுப்படிக் குழாயின் கைப்பிடியைச் சேலைக் கிழிசலால் கட்டிப் போட்டாள், யாரும் தெரியாமல் திருப்பிவிடக் கூடாது என்று. தெருமுனை அடிபம்பிலிருந்து குடம் சுமந்தாள். அவளுக்கு ஒரே பெண், ஜீவிதா. அப்போது ஒன்பது வயது. அவளும் சின்னக் குடத்தில் சுமந்தாள். வீட்டுக்குள் குழாயை வைத்துக்கொண்டு தெருவுக்கு அலைகிறாளே என்று அக்கம்பக்கத்தில் பேசினார்கள். பிறகு அதுவும் பழகிப்போனது.

மூன்றாவது கோடையில் அன்னாள் ஆள் அனுப்பினாள். மரியசெல்வம் போனபோது நடுப்பகல். அடுப்படியில் அடுப்பு அணைந்திருந்தது.

"கேளுங்க" என்றாள்.

குழாயும் சுவரும் சேருகிற கழுத்தில் காதை வைத்தான். ஸ்ஸ் என்று மெல்லிய சத்தம். நிற்கவில்லை.

அன்னாள் முந்தானையிலிருந்து ஒரு நூலை உருவி அந்தக் கழுத்தின் முன் பிடித்தாள். நூல் வெளிப்பக்கமாக ஆடியது.

"சாயந்தரம் ஆனா நூலு உள்ளாற போகுது. மத்தியானம் விடுறாரு, பொழுது சாய இழுக்குறாரு."

மரியசெல்வத்துக்குக் காரணம் தெரியும். தண்ணீரே படாததால் சணல் காய்ந்து சுருங்கிவிட்டது. மேற்குச் சுவரில் வெயில் ஏற ஏறக் குழாய்க்குள் காற்று விரிந்து வெளியே வருகிறது. வெயில் இறங்கியதும் வெளிக்காற்றை உள்ளே இழுக்கிறது. சூசையின் மூச்சோ தன் மூச்சோ, எது இருந்திருந்தாலும் இத்தனை நாளில் போயிருக்கும். அதை அவன் சொன்னான், ஊதியது யார் என்பதை மட்டும் விட்டுவிட்டு.

அன்னாள் பொறுமையாகக் கேட்டாள்.

"சரி தம்பி. போறது போனதா இருக்கட்டும். மிச்சம் போகாம அடைச்சுக் குடுங்க."

"குழாயக் கழட்டாம அடைக்க முடியாது மதினி. டேப்பு உள்ள மரைல சுத்தணும்."

"கழட்டுனா போயிருமே."

"அதத்தான் சொல்றேன்."

"அப்ப வெளிய சுத்துங்க."

இணைப்புக்கு வெளியே டேப் சுற்றுவது வேலை தெரியாதவர்கள் செய்வது. காலில் புண்ணை வைத்துக்கொண்டு வேட்டிக்கு மேல் மருந்து தடவுவது மாதிரி. வேறு வீடாக இருந்தால் மரியசெல்வம் சிரித்திருப்பான். இங்கே ஒரு சுருள் முழுவதையும் குழாயின் கழுத்தில் சுற்றினான், இறுக்கி, கட்டைவிரலால் நீவி நீவி. சத்தம் நின்றது. அன்னாள் நூலைப் பிடித்துப் பார்த்தாள். நூல் அசையவில்லை. அவள் அவனுக்குக் காப்பி போட்டுக் கொடுத்தாள்.

அடுத்த கோடையில் மறுபடி சத்தம். மறுபடி ஒரு சுருள். பிறகு வருஷம் இரண்டு தடவை. ஜீவிதா பள்ளிக்கூடம் முடித்தாள், நூல் மில் அலுவலகத்தில் வேலைக்குப் போனாள், ஒட்டன்சத்திரம் பக்கம் கட்டிக்கொடுத்தார்கள். குழாயின் கழுத்து முதலில் முட்டை அளவுக்கு வீங்கியது. பிறகு தேங்காய் அளவுக்கு. புதிதாகச் சுற்றியது வெள்ளையாகவும் அடியில் இருப்பது அடுப்புப் புகையில் பழுத்தும் தெரியும். மத்தியான வேளையில் அதன் மேல் கை வைத்தால் வெதுவெதுவென்று இருக்கும். மேற்குச் சுவரின் சூடு என்று மரியசெல்வம் தனக்குள் சொல்லிக்கொள்வான். பித்தளைக்கு அந்தச் சூடு ஏன் இல்லை என்று அவன் யோசிக்க விரும்பவில்லை.

அவனுக்கும் இதற்குள் நாற்பத்தெட்டு, ஐம்பது. பீடியால் நெஞ்சு கட்ட ஆரம்பித்திருந்தது. மாடிப்படி ஏறினால் இளைத்தது. சில நாள் வேலையில் ஊதும்போது மூச்சு பாதியில் நின்றுவிடும். அப்போது அந்த அடுப்படியின் நினைவு வரும். தன் நல்ல மூச்சு ஒன்று அங்கே அடைபட்டு இருக்கிறது. நெஞ்சு கட்டாத வயதில் ஊதிய மூச்சு. அதைக் காவல் காத்துக்கொண்டு ஒருத்தி குடம் சுமக்கிறாள். இது சரியில்லை என்று தோன்றும். யாருக்குச் சரியில்லை என்பது விளங்காது.

இரண்டாயிரத்தி எட்டு மாசியில் ஜீவிதா பிரசவத்துக்கு வந்தாள். ஏழாம் மாதம். மரியசெல்வத்தைக் கடைத்தெருவில் பிடித்துக்கொண்டாள்.

"சித்தப்பா, எனக்கு ஒரு வேலை செஞ்சு குடுங்க. அந்தக் குழாயத் தொறந்து விட்டுருங்க."

"உங்கம்மா விடாது."

"அம்மாவுக்குக் கை நடுங்குது. நேத்து அடிபம்புல குடத்தோட உக்காந்துருச்சு. நான் தூக்க முடியுமா? புள்ளை பெத்து எம்புட்டுத் துணி அலசணும். எனக்கு அந்த அடுப்படியில நிக்கவே முடியல சித்தப்பா. கழுத்துல கட்டுப் போட்ட ஆளு ஒருத்தரு சுவத்துல இருந்து எட்டிப் பாக்குற மாதிரியே இருக்கு."

"சும்மா இரு."

"வெள்ளிக்கிழமை செக்கப்புக்கு அம்மாவக் கூட்டிட்டுப் போறேன். சாவி வாசல் நிலைச் சட்டத்துக்கு மேல இருக்கும். டேப்பெல்லாம் வெட்டிப் போட்டு, ஒழுங்கா சுத்தி, லைனையும் சேத்து விட்டுருங்க. தண்ணி வந்தப்புறம் ஒண்ணும் சொல்லாது."

மரியசெல்வம் ஒப்புக்கொண்டான். அதற்குள் அவன் மனதில் கணக்கு தெளிவாக இருந்தது. உள்ளே எதுவும் இல்லை. இருந்தாலும் அது தன்னுடையது. தன் மூச்சைத் தான் எடுத்துக்கொள்வதில் என்ன திருட்டு?

வெள்ளிக்கிழமை பத்து மணிக்குக் கதவைத் திறந்து உள்ளே போனான். அடுப்படி குளிர்ச்சியாக இருந்தது. பிளேடால் வீக்கத்தைக் கீறினான். டேப் அடுக்கு அடுக்காகப் பிரிந்தது. வெள்ளை, மஞ்சள், பழுப்பு. அடியில் இருந்தவை ஒன்றோடொன்று ஒட்டித் தோல் மாதிரி உரிந்தன. எல்லாவற்றையும் உரித்த பிறகு பழைய கழுத்து ஒல்லியாகத் தெரிந்தது. மரையின் ஓரத்தில் சணல் இழைகள் நரைத்து நீட்டிக்கொண்டிருந்தன. கைப்பிடியில் கட்டியிருந்த கிழிசலை அவிழ்க்காமலே ரெஞ்சைப் போட்டுத் திருகினான். முதலில் அசையவில்லை. பிறகு எளிதாகச் சுழன்றது, உள்ளேயிருந்து யாரோ சேர்ந்து திருகுவது மாதிரி. பித்தளைக் குழாய் கையோடு வந்தது.

காற்று முகத்தில் அடித்தது.

கிராம்புத் தைலம்.

அவன் உள்ளங்கையால் சுவரிலிருந்த இரும்புக் குழாயின் வாயைப் பொத்தினான். பித்தளைக் குழாய் தரையில் விழுந்து உருண்டு அடுப்புக் கல்லில் இடித்து நின்றது. வீட்டில் எங்கேயாவது கிராம்பு இருக்கிறதா என்று சுற்றிப் பார்த்தான். அஞ்சறைப் பெட்டி மூடியிருந்தது. கையைக் கொஞ்சம் நகர்த்தி மோந்து பார்க்கலாமா என்று யோசித்தான். நகர்த்தினால் போய்விடும். விரலிடுக்கில் ஒரு நொடி கசிந்தது. தைலம், அதற்கு அடியில் வீங்கிய ஈறின் வாடை. ஒரு பகல் முழுக்க அவன் பக்கத்திலேயே இருந்து பேசிய வாயின் வாடை. பீடி வாசனை கொஞ்சமும் இல்லை.

பத்தடி போய்த் திரும்பி வந்து பூட்டை இழுத்துப் பார்க்கிறவன் சூசை. அது இப்போதுதான் நினைவுக்கு வந்தது.

குழாயை எடுத்து டேப் சுற்ற இரண்டு கையும் வேண்டும். ஒரு கை இங்கே. இன்னொரு கையால் சட்டைப் பையிலிருந்த சுருளைத் தொட்டுக்கொண்டு சுவரோடு சாய்ந்து நின்றான். வெயில் ஏற ஏறச் சுவர் சூடாக ஆரம்பித்தது. உள்ளங்கையின் கீழே காற்று மெல்லப் புடைத்தது. குழந்தை கன்னத்தை உப்பிக்கொண்டு விளையாடுவது போல இருந்தது. கை மரத்துப் போனது. மாதா கோயில் மணி பன்னிரண்டு அடித்தது. அவன் நகரவில்லை.

அன்னாளும் ஜீவிதாவும் ஒரு மணிக்கு வந்தார்கள். அன்னாள் அடுப்படி வாசலில் நின்றாள். தரையில் குவிந்திருந்த டேப்பையும், உருண்டு கிடந்த குழாயையும், அவன் கையையும் வரிசையாகப் பார்த்தாள்.

"எப்பத் தொறந்தீங்க?"

"பத்தரை இருக்கும் மதினி."

"அப்ப இருந்து கைய எடுக்கலையா?"

"இல்ல."

"அப்ப கொஞ்சம் இருக்கும்."

ஜீவிதா பின்னாலிருந்து, "என்ன சித்தப்பா, இன்னும் முடியலையா?" என்றாள். இருவரும் அவளைத் திரும்பிப் பார்க்கவில்லை.

"மதினி, உள்ள இருக்குறது என் மூச்சுன்னே நெனச்சுட்டு இருந்தேன். அன்னைக்கு நான்தான ஊதுனேன்."

"ஆமா, நீங்கதான் ஊதுனீங்க. நீங்க சைக்கிள எடுத்துட்டுப் போனதும் தொறந்துவிட்டாரு. மரியா பீடிக் காத்தை எம்வீட்டுல அடைச்சு வச்சுட்டுப் போயிட்டாம் பாருன்னாரு. பல்லு வலிக்க வலிக்க ஊதுனாரு. கண்ணுல தண்ணி வந்துருச்சு அவருக்கு. சிரிச்சுக்கிட்டே ஊதுனாரு."

"பதிமூணு வருசமா எங்கிட்டச் சொல்லலையே."

"நீங்க கேக்கலையே தம்பி."

அவள் மண்பானையிலிருந்து தண்ணீர் எடுத்து வாயைக் கொப்பளித்துத் துப்பினாள். முந்தானையால் உதட்டைத் துடைத்தாள். சுவரில் குழாயின் வாய் அவள் மார்பளவு உயரத்தில் இருந்தது. குனிந்தாள்.

"மெதுவா எடுங்க. நான் வாய வச்சப்புறம்."

மரியசெல்வம் கையை நகர்த்தினான். கை போன இடத்தில் அவள் வாய் வந்து பொருந்தியது. அவள் உள்ளே இழுத்தாள். குடம் தூக்கித் தேய்ந்த சின்ன உடம்பு. அதற்குள் இவ்வளவு இடம் இருக்க முடியாது. இழுத்துக்கொண்டே இருந்தாள். மேற்குச் சுவர் நெடுக, வாசல் வால்விலிருந்து அடுப்படி வரைக்கும், குழாய்க்குள் ஏதோ மெலிதாக நகர்ந்து வருகிற சத்தம் கேட்டது. நெல்லைக் கொட்டும்போது கடைசியில் சாக்கில் கேட்கிற சத்தம். பிறகு அதுவும் நின்றது.

அவள் நிமிர்ந்தாள். உதடுகள் ஒட்டியிருந்தன. சுற்றுங்கள் என்று விரலால் வட்டம் போட்டுக் காட்டினாள்.

மரியசெல்வம் பித்தளைக் குழாயின் மரையிலிருந்து சணலைச் சுரண்டினான். துணியால் துடைத்தான். டேப்பின் முனையைக் கட்டைவிரலால் அழுத்திக்கொண்டு மரை ஓடும் திசையில் சுற்றினான். ஏழு சுற்று. அவன் வாழ்க்கையில் அதுபோல ஒரு இணைப்பைச் செய்ததில்லை. முறுக்கி முடித்து நிமிர்ந்தபோதும் அன்னாள் அப்படியே நின்றிருந்தாள். ஜீவிதா, "அம்மா, அம்மா" என்று தோளைத் தொட்டாள். அவள் தலையை மட்டும் ஆட்டினாள். ஆறு நாள் கழித்துத் தண்ணீர் வந்தது. மரியசெல்வம் லைனைச் சேர்த்துவிட்டான். குழாய் கொஞ்ச நேரம் செருமியது. பிறகு தண்ணீர் கொட்டியது. கழுத்தில் ஒரு துளி கசியவில்லை.

சித்திரையில் ஜீவிதாவுக்கு ஆண் குழந்தை. மரியசெல்வம் பார்க்கப் போனான். அடுப்படியில் தண்ணீர் விழும் சத்தம், வாளி, துணி, சோப்பு வாசனை. மற்ற வீடுகளைப் போல ஆகியிருந்தது. அன்னாள் குழந்தையை மடியில் வைத்திருந்தாள். அவனுக்குக் கொடுத்த பாலை ஊதி ஆற்றவில்லை. இரண்டு டம்ளரில் மாற்றி மாற்றி ஊற்றி ஆற்றினாள். மாதா படத்துக்கு முன் எரிந்த மெழுகுவர்த்தியை இரண்டு விரலால் நசுக்கி அணைத்தாள்.

"நல்லா இருக்கீங்களா மதினி?"

"நல்லா இருக்கேன் தம்பி" என்றாள். அவள் பேசியதில் ஏதோ மாறியிருந்தது. என்ன என்று பிடிபடச் செத்த நேரம் ஆனது. எல்லோரும் மூச்சை வெளியே விட்டுக்கொண்டு பேசுவார்கள். அவள் உள்ளே இழுத்துக்கொண்டு பேசினாள். வார்த்தைகள் அவனை நோக்கி வராமல் அவளுக்குள் திரும்பிப் போயின.

வெயில் மேற்குச் சுவருக்கு வந்திருந்தது. அவன் கிளம்ப எழுந்தபோது அந்தச் சத்தத்தைக் கேட்டான். பத்து வருஷத்துக்கு மேல் பழகிய சத்தம். ஸ்ஸ் என்று, நிற்காமல். அடுப்படிக் குழாயைப் பார்த்தான். அது அடைத்துக் கிடந்தது. சத்தம் பக்கத்திலிருந்து வந்தது. அன்னாள் குழந்தையின் மேலிருந்த துணியில் ஒரு நூலை உருவி, தன் உதட்டுக்கு முன்னால் பிடித்துக்கொண்டிருந்தாள். நூல் வெளிப்பக்கமாக ஆடியது.

அவள் அவனை நிமிர்ந்து பார்த்தாள்.

"தம்பி, ஒரு சுருள் டேப்பு இருந்தா வச்சுட்டுப் போங்க."

அவன் சட்டைப் பையிலிருந்து எடுத்து அவள் கையில் கொடுத்துவிட்டு வெளியே வந்தான்.